ஒரு முழு நிமிடம்

...ப்ரெசென்ட் மேடம் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, தெரியவில்லை, அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார், அப்படியென்றால் சொல்லியிருக்கிறேன். நர்சிங் மூன்றாம் வருடம், எண் முப்பத்தொன்று, கட்டிலில் சம்மணம் போட்டுக் கைப்பேசியில் வகுப்பு. மடியில் அந்தக் கடிதம். தொற்று வார்டுப் பணிக்கு என் முழு விருப்பத்தோடு திரும்புகிறேன்... கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். அப்பா காலையிலேயே போட்டுவிட்டு, உன் இஷ்டம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். என் இடம் காலி. ஐந்து மணிக்குள் படம் எடுத்து அனுப்பாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். போகட்டும் என்றும் தோன்றவில்லை, ஐயோ என்றும் தோன்றவில்லை. நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் வகுப்புத் தோழி நேற்றே அனுப்பிவிட்டாள், இன்னும் என்னடி யோசனை, கல்யாணத்துக்கா சம்மதம் கேக்குறாங்க என்றாள். சிரிக்க வேண்டிய இடம் என்று புரிந்தது, சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவைத்தேன்.

முப்பத்தொண்ணு, மூச்சு எப்படி எண்ணணும் என்று மேடம் கேட்கிறார். என்னைத்தான். வாய் தானாகத் திறந்துகொள்கிறது. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கண் நெஞ்சின் மேல் இருக்க வேண்டும், எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சே மாறிவிடும், அதனால் சொல்லக்கூடாது, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். வெரி குட், எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன்... ஒன்றுமில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி.

அந்த வார்டில் பதினொன்றாம் படுக்கைக்காரர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நாடியை விரலில் மாட்டும் கருவி சொல்லிவிடும், ஆக்சிஜன் அளவையும் அதுவே சொல்லிவிடும், மூச்சை மட்டும் நாம்தான் எண்ண வேண்டும். முப்பது படுக்கை, முப்பது நிமிடம், அந்தப் பாதுகாப்பு உடுப்புக்குள் வியர்வை காலுறை வரை இறங்கும், கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருப்பது ஆளா தலையணையா என்றே தெரியாது. அதனால் எண்ணாமலே தாளில் இருபது. எல்லாருக்கும் இருபது. மேலே இருக்கிற இருபதைப் பார்த்துக் கீழே இன்னொரு இருபது, சீனியர் அக்காக்கள் எழுதியதும் அதுதான், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருமில்லை. அன்று காலை அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி அடுத்த படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவும்மா வந்துச்சு என்று கேட்டார், நடுவில் ஒருமுறை மூச்சுக்கு நிறுத்தி, எவ்வளவும்மா... வந்துச்சு. நார்மல்தான் சார் என்றேன். டாக்டர் வந்தார், தாளைப் பார்த்தார், இருபது, அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து அவரை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் பதினொன்றில் புது விரிப்பு, மூலை மடிப்பெல்லாம் கச்சிதம், நான்தான் மடித்தேன்.

வார்டு சிஸ்டரிடம் மட்டும் சொன்னேன். எல்லாரும் அதைத்தான் எழுதுறோம், விடு, போய்ச் சாப்பிடு என்றார். போய்ச் சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அடுத்த வாரம் மாணவிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுகை வரும் என்று இரண்டு மாதமாகக் காத்திருக்கிறேன், வருகிற வழியாகத் தெரியவில்லை. எண்ணியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. எண்ணவில்லை என்பது மட்டும் தெரியும். அப்படிப்பட்டவள் முழு விருப்பத்தோடு என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது, போடாமல் இந்தக் கட்டிலில் உட்கார்ந்து என்ன செய்வது...

அம்மா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வகுப்பு முடிஞ்சுதா என்றாள், முடிந்து எவ்வளவு நேரமாயிற்றோ, திரை கறுத்துக் கிடந்தது. கடிதத்தைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மணி நான்கு ஐம்பது. என் கை போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்னடி, காய்ச்சல் அடிக்குதா எனக்கு?"

"இல்லம்மா, சும்மா."

சும்மா என்றதும் அவள் கையைத் தளர்த்திக் கொடுத்தாள், நான் பாசமாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள், இருக்கட்டும். கடிகாரத்தில் விநாடி முள். புடவைத் தலைப்பு ஏறுகிறது, இறங்குகிறது, ஒன்று. நடுவில் அம்மா ஏதோ பேசியதில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து. ஒன்பது... பத்து... டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. முள் ஒரு சுற்று வந்து தொடங்கிய இடத்துக்கே வந்தது. பதினேழு.

இருபது இல்லை. இருபது என்று எழுதியிருந்தால் அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிடம்தான் ஆகிறது, அவ்வளவுதான் ஆகும், அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும். பேனா எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அதை எடுக்க அம்மாவின் கையை விட வேண்டும், நான் இன்னும் விடவில்லை.