நீளமான குழி

கடப்பாரையைப் பலகையின் இடுக்கில் கொடுத்து மெரில் தன் முழு எடையையும் அதன்மேல் போட்டான். பலகை அசையவில்லை.

"மாடு முட்டற மாதிரி முட்டாதே தம்பி. ஓரத்துல தட்டிக் குடு. தானா விடும்," என்றார் அல்ஃபோன்ஸ். "ஐடஹோக்காரங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம். உங்கப்பா ஒருத்தருக்குத்தான் அந்த வியாதி இல்ல."

மெரில் தட்டினான். உறைந்திருந்த பனி கண்ணாடிபோல் உடைந்து பலகை பெயர்ந்தது. முகத்தில் அடித்த குளிரில் மூக்கின் உள்முடிகள் ஒட்டிக்கொண்டன. பொழுது விடிந்துவிட்டது என்று சொல்லலாம். கனடாவின் வடகோடியான யூக்கானில் கிறிஸ்துமஸ் சமயத்தில் விடிவது அவ்வளவுதான்.

அல்ஃபோன்ஸ் அந்த ஊரின் பனி அகற்றும் வண்டியை ஓட்டுகிறவர். வெட்டியான் வேலையும் அவருடையதுதான். மண் கல்லாகிவிடும் என்பதால் குளிர்காலத்துக்கு வேண்டிய குழிகளை இலையுதிரும் காலத்திலேயே வெட்டி மூடி வைத்துவிடுவார்கள். இந்த முறை அவருடன் சேர்ந்து வெட்டியவர் மெரிலின் அப்பா லவார் டோல்மன். உருளைக்கிழங்கு நிலத்தை விற்றுவிட்டு, மனைவியோடு மார்மன் சபையின் முதிய ஊழியக்காரராக இந்த ஊருக்கு வந்தவர். நான்கு நாட்களுக்கு முன் யாருடைய வாசலிலோ பனியை வாரிவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தார். ஒன்றைக் கழற்றியதோடு உயிர் போயிருந்தது.

பலகைக்குக் கீழே தார்ப்பாய். அதற்குக் கீழே வைக்கோல், இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக. மெரில் கையுறையைக் கழற்றிவிட்டு வைக்கோலுக்குள் கையை விட்டான்.

"அந்த வைக்கோல் உங்கப்பா யோசனை. குதிரை வெச்சிருக்கிறவன்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தாரு. செத்தவனுக்கு எதுக்குய்யா மெத்தைன்னு கேட்டேன். மண்ணுக்குன்னாரு."

மெரிலின் கை வைக்கோலுக்குள்ளேயே இருந்தது. ஐடஹோவில் கிழங்கு சேர்த்துவைக்கும் நிலவறையை இப்படித்தான் மூடுவார்கள். ஜனவரி மாதத்தில் அப்பா அவனை உள்ளே கூட்டிப்போய், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் வைக்கோலைத் தொட்டுப் பார்ப்பார். "தூங்குது," என்பார். இப்போது வைக்கோலை வாரியதும் கீழிருந்து அதே வாசனை வந்தது. ஈர மண்ணின் வாசனை. அவன் மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டான்.

அல்ஃபோன்ஸ் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார். மெரில் வாங்கிக் குடித்தான்.

"உங்க சபையில காபி, டீ தொடக் கூடாதே. நீ குடிக்கிற!"

"ராத்திரி ஷிஃப்ட்டு. பழகிடுச்சு."

"உங்கப்பா தொடமாட்டாரு. ஆனா பிளாஸ்க்கைக் கேட்டு வாங்கிக் கையில பிடிச்சுக்குவாரு. சூடு காய. பாவமில்லையான்னேன். கைக்குச் சட்டம் இல்லன்னாரு." அல்ஃபோன்ஸ் சிரித்துவிட்டு நிறுத்தினார். "நல்ல மனுஷன். முதல்ல எங்க வீட்டுக்கு வந்தப்போ, கதவைத் தட்டற சத்தம் கேட்டுத் திறந்தேன். ஆளைக் காணோம். பாத்தா படிக்குக் கீழே நிக்கிறாரு, பொண்டாட்டியோட. ஏன்யா, நான் என்ன கடிச்சிடுவேனான்னேன்."

தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்க வேண்டும். திறப்பவரை நெருக்கக் கூடாது. ஊழியத்துக்குப் போகும் பையன்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவது. மெரிலுக்கும் சொல்லித்தந்திருந்தார்கள். பத்தொன்பது வயதில் மழை ஓயாத ஓர் ஊருக்குப் போனான். பாதியிலேயே திரும்பிவிட்டான். விமான நிலையத்தில் அப்பா காத்திருந்தார். "பசிக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் விடிகாலையில் நீர்ப்பாய்ச்சும் குழாய்களை நகர்த்த அவனை எழுப்பினார், அவன் எங்குமே போகாதது போல. சபையில் அத்தனை பேரும் ஏன் என்று கேட்டார்கள். அப்பா சாகும்வரை கேட்கவில்லை.

கடைசிப் பலகையையும் எடுத்த பிறகுதான் கவனித்தான். பக்கத்திலிருந்த குழிகளின் மூடியைவிட இது நீளம்.

"இது ஏன் இப்படி?"

அல்ஃபோன்ஸ் காபி மூடியைப் பனியில் தட்டினார். "வழக்கமா எல்லாம் ஒரே அளவு. இங்க எல்லாருமே கட்டை ஆளுங்க. இதை மட்டும் அவரா ரெண்டு சாண் கூட வெட்டினாரு. யாராவது நெட்டையா இருந்தா என்ன பண்றதுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குழி வெட்டும்போது எந்த ஆள் பேரையும் எடுக்கக் கூடாது தம்பி. எடுத்தா அந்த ஆள் போயிடுவான்னு எங்க வழக்கம். வாயை மூடிக்கிட்டேன்."

ஊரிலேயே நெட்டையானவர் அப்பா ஒருவர்தான்.

*

மதியம் அடக்கம். ஒட்டுப்பலகையில் செய்த பெட்டி சரியாக இறங்கியது. தலைமாட்டில் ஒரு கை, கால்மாட்டில் ஒரு கை இடமிருந்தது. உள்ளே வெள்ளை உடையில் அப்பா. முந்தைய நாள் அம்மாவும் அவனுமாகத்தான் உடுத்தியிருந்தார்கள். அந்த உடையை உடுத்துவது, சபையின் ஆலயத்தில் வாக்குக் கொடுத்தவர்கள் செய்ய வேண்டியது. "நான் அந்தப் பக்கம் போயே பல வருஷம் ஆச்சும்மா," என்று சொல்லிப் பார்த்தான். "நீ தூக்கு. உடுத்தறது நான்," என்றாள் அம்மா. தூக்கினான். கனமாகத்தான் இருந்தார்.

சபைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், கத்தோலிக்கர்கள் அதைவிட அதிகம். குழியை அர்ப்பணித்து ஜெபம் செய்தவர் குளிருக்குப் பயந்து சுருக்கமாக முடித்தார். பிறகு கூடத்தில் கடமான் இறைச்சிக் குழம்பும், பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும். அப்பா இருந்திருந்தால் கிழங்கு எங்கே விளைந்தது என்று விசாரித்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மெரில் பேச்சை ஆரம்பித்தான். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு.

"அப்பாவை இங்க வெக்கணும்னு சொன்ன. சரின்னேன். நீயாவது என்கூட வா. நாளைக்கு மறுநாள் விமானம். உனக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கேன்."

அம்மா ஆர்டா அடுப்படி மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் இலவங்கப்பட்டை போட்ட ரொட்டிச் சுருள்கள், மேலே காகிதம், சிவப்பு நூல். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கொடுக்க அப்பா சுட்டவை. வெளித் தாழ்வாரத்தில் கல்லாக உறைந்து கிடந்தவற்றைக் காலையில்தான் உள்ளே எடுத்து வைத்திருந்தாள்.

"எனக்கு மார்ச் வரைக்கும் வேலை இருக்கு."

"தனியா போகக் கூடாதுன்னு உங்க சட்டமே சொல்லுது. ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும். ஊழியத்துலேர்ந்து உன்னை விடுவிச்சுட்டதா சபைக்காரங்களே போன்ல சொன்னாங்களே."

"வேணும்னா போகலாம்னு சொன்னாங்க. இருந்தா, புது வருஷம் பொறந்ததும் ஆல்பர்ட்டாவுலேர்ந்து ஒரு அம்மாவை அனுப்பறாங்களாம். விதவைதான். நல்லா குறட்டை விடுவாளாம், முன்கூட்டியே சொல்லிட்டாங்க."

"விளையாடாதேம்மா. ஊர்ல கல்லறைக் கல்லு இருக்கு. உங்க ரெண்டு பேர் பேரும் வெட்டி, பிறந்த தேதியும் போட்டு வெச்சிருக்கு. அதுல அப்பா பக்கத்துக்குக் கீழே யாரு இருக்கா இப்போ?"

"ஒருத்தரும் இல்ல. புல்லு இருக்கும்."

"அந்தக் குழி," என்றான். குரல் உயர்ந்துவிட்டது. "நீளமா வெட்டியிருக்காரு. அவருக்குத் தெரியுமா?"

ஆர்டா நூலை முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

"குழி வெட்டிட்டு வந்த அன்னிக்கு, நீளமா இருக்கறதை வேற யாருக்கும் குடுத்துடாதேன்னாரு. இதயத்துல அடைப்பு. வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"எங்க யாருக்கும் சொல்லல."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"எப்படி விடுவேன்? ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற வீட்டை விட்டுட்டு, இந்தப் பனியில வந்து அடுத்தவன் வாசலை வாரிக்கிட்டு... எதுக்கும்மா? ஏன் இப்படிப் பண்ணாரு?"

அவள் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"நீ பாதியில திரும்பி வந்தியே. ஏன்னு அவர் உன்னைக் கேட்டாரா?"

மெரில் மேசையில் கிடந்த நூல் துண்டை எடுத்து விரலில் சுற்றினான்.

"ஒரு தடவையாவது?"

"இல்ல."

"நீயும் கேக்காதே."

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. அம்மா தட்டுகளை ஒரு பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். பெட்டி பெரிது. அதை அவளால் தூக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவள் அவனைத் தூக்கச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியின் காதுகளை இறக்கிக் கட்டினாள்.

மெரில் ஜன்னல் வழியே பார்த்தான். வண்டியின் மூக்கிலிருந்து மின்சார வயர் தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்கச் சொருகி வைத்தது. அப்பா கையால் சொருகியது. நான்கு நாளாக யாரும் பிடுங்கவில்லை.

அவன் வெளியே போய் அதைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு வந்து, பெட்டியைத் தூக்கினான்.

"நில்லு," என்றாள் அம்மா.

அவன் போட்டிருந்தது அப்பாவின் கோட்டு. ஐடஹோவிலிருந்து கொண்டு வந்தது இந்தக் குளிரைத் தாங்கவில்லை. மார்பில் ஊழியக்காரர்கள் குத்திக்கொள்ளும் கறுப்புப் பெயர் அட்டை இன்னும் இருந்தது. எல்டர் டோல்மன். பத்தொன்பது வயதில் அவன் குத்திக்கொண்டிருந்த அட்டையிலும் அதேதான் எழுதியிருந்தது. அம்மா அதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இல்லாததை இருக்கிறதா காட்டக் கூடாது. வெறும் மெரிலா வா."

*

ஏழு வீடுகள். முதல் ஆறு வீடுகளிலும் அழுதார்கள், அல்லது தேநீர் வேண்டுமா என்று கேட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அல்ஃபோன்ஸ் வீட்டில் அவருடைய மனைவி மெரிலை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுவும் நெட்டைதானா? அவரை இன்னொரு குழி வெட்டச் சொல்லணுமே," என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்டாதான் முதலில் சிரித்தாள். அந்த நான்கு நாட்களில் அம்மா சிரித்து மெரில் அப்போதுதான் பார்த்தான்.

கடைசி வீடு ஆற்றோரம், ஊர் முடிகிற இடத்தில். ஓட்டோ என்ற கிழவர். வாரம் தவறாமல் போயும் அவர் ஒருமுறைகூடக் கதவைத் திறந்ததில்லை என்று வழியில் அம்மா சொன்னாள்.

"உள்ளேயிருந்தே கத்துவாரு. என் ஆத்துமாவை விட்டுட்டு விறகை மட்டும் பொளந்துட்டுப் போங்கடான்னு. உங்கப்பா பொளந்துட்டு வருவாரு. அடுத்த வாரம் மறுபடியும்."

"அப்போ இந்தத் தட்டு?"

"படியில வெச்சுட்டு வந்துடலாம். போன வருஷமும் அப்படித்தான். தட்டு மட்டும் கழுவித் திரும்பி வந்துச்சு."

வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. ஆற்றின் மேல் பனி ஓர் அசைவும் இல்லாமல் கிடந்தது. வீட்டுச் சுவரோரம் விறகு அடுக்கப்பட்டிருந்தது, ஜன்னல் உயரத்துக்கு. முனைகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் ஒரே மட்டம். அந்த அடுக்கை மெரிலுக்குத் தெரியும். சின்ன வயதில் அவன் கோணலாக அடுக்கியதையெல்லாம் இரண்டு முறை கலைத்து அடுக்க வைத்தவர் அப்பா.

தட்டைப் படியில் வைக்கத்தான் போனான். வைக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, விரல் முட்டிகளால் மூன்று முறை தட்டினான். உள்ளே நாய் குரைத்தது. நாற்காலி ஒன்று தரையில் தேய்ந்தது.

கால்கள் தாமாகவே பின்னால் போயின. ஒன்று, இரண்டு. பூட்ஸின் அடியில் பனி நெரிபட்டது. திரும்பிப் பார்த்தபோது, அம்மா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். அவனுக்கு இடதுபுறம், ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு, கதவையே பார்த்தபடி.