நோர்வூட் மட்டும் அறிந்த குழந்தை

ஜீவராணியின் மகள் சண்முகவடிவு பிறந்து ஐந்து நாள்கள் வரை அவள் அழுகை எவர் காதிலும் விழவில்லை. தராசில் கிடத்தினாலும் முள் அசையவில்லை. வாய் திறந்தது, முகம் சிவந்தது, பாலும் குடித்தாள். நாளுக்கு நாள் அவள் நிழல் வெளிறிவந்தது.

காரணத்தைத் தேயிலைத் தோட்டத்தில் அனைவரும் அறிந்திருந்தனர். மாதர் சங்கத்தின் பிறப்புப் பதிவேடு இரு கணினிகளில் இருந்தது: தலைமையானது நோர்வூட் ஊரில் பைஸரின் புடவைக்கடைப் பின்னறையில், மற்றது உடப்புசல்லாவைச் சங்க அறையில். நோர்வூட்டில் எழுதியது சில நொடிகளில் உடப்புசல்லாவையிலும் படியும். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல் நிமிடத்துக்கொருமுறை உடப்புசல்லாவை கூப்பிடும். நோர்வூட் பதில் சொல்லும். மும்முறை பதில் வராவிடில் உடப்புசல்லாவையே தலைமை ஏற்கும். தலைமைப் பதிவேடு அறியாத குழந்தையை அந்த மலையும் அறிவதில்லை. ஐப்பசி மழையில் மண் சரிந்து இணைப்பு அறுந்தது. தலைமை மாறுவதற்கு முந்திய அந்த மூன்று நிமிடத்திற்குள் குழந்தை பிறந்தது. பதிவேட்டைக் காக்கும் கிருஷாந்தி அதை நோர்வூட்டில் எழுதினாள். உடனே அங்கே மின்சாரமும் போயிற்று. உடப்புசல்லாவையில் புதிதாக எழுதிப் பார்த்தார்கள். எழுத்து பதிந்தது, ஆனால் தராசு முள் நகரவில்லை. பிறந்த நிமிடத்தில் எழுதிய வரியே வேண்டியிருந்தது.

மீண்டெழும் கணினி தன்னிடமுள்ளதை அழித்துவிட்டு, தலைமையிடமிருந்து படியெடுத்துக்கொள்ளும் என்பது விதி. மின்சாரம் வருமுன் கிருஷாந்தி இணைப்புக் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“ஏன் புள்ள, பொட்டிய விட்டு நகர மாட்டேங்கிறீங்க? மாப்புள வீட்டுக்கும் இதையே சீரா கொண்டு போவீங்களா?” என்றார் பைஸர்.

“சிரிக்காதீங்க பைஸர் நானா. இத இப்ப கம்பியில மாட்டினா புள்ள அழிஞ்சிரும்,” என்றாள் கிருஷாந்தி.

“அக்கா, நெழலு பாதிதான் இருக்கு,” என்றாள் குழந்தையோடு வந்து நின்ற ஜீவராணி.

“பாதி இருக்குல்ல? அது போதும். புள்ளய கீழ வைக்காத.”

ஐந்தாம் நாள் காலை மின்சாரம் வந்தது. உடப்புசல்லாவைக்குப் போனில் கேட்டு, இரு பதிவேடுகளும் ஒத்திருந்த கடைசி வரியைக் கிருஷாந்தி தேடிக் கண்டாள். அதற்குப் பின் நோர்வூட் மட்டும் அறிந்த வரிகள் நான்கு; நான்காவது சண்முகவடிவின் பிறப்பு. அவற்றைப் பென் டிரைவில் எடுத்து, பஸ் ஓடாத இடங்களில் நடந்து உடப்புசல்லாவை சேர்ந்தாள். வரிசை குலையாமல் ஏற்ற வேண்டும். பதிகத்தில் ஓரடி தவறிய ஓதுவார் முதலடிக்கே திரும்புவதுபோல், ஏழுமுறை இடறி ஏழுமுறையும் தொடக்கத்திற்குத் திரும்பினாள். எட்டாம் முறை நான்காம் வரியும் பதிந்தது.

அக்கணமே நோர்வூட்டில் ஐந்து நாள் அழுகையும் ஒருசேர எழுந்தது. பஸ் நிலையத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டனர். தராசு முள் இரண்டு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது. அதன்பிறகே நோர்வூட் கணினியை இணைத்தார்கள். அது தன்னை அழித்து, முழுவதும் படியெடுத்துக்கொண்டது. ஒரு வரியும் குறையவில்லை.

இன்று சண்முகவடிவுக்கு ஆறு வயது. அவள் பேசும் சொல் மூன்று நிமிடம் பிந்தியே வரும். வகுப்பில் டீச்சர் அவள் பெயரை முதலில் கூப்பிடுகிறார். ஏனைய முப்பத்தொரு பெயர்களையும் கூப்பிட்டு முடித்து, பேனாவை மூடாமல் காத்திருக்கிறார். “இருக்கேன் டீச்சர்” என்று குரல் வந்ததும் வரவு என்று குறிக்கிறார்.