சாயத்தொட்டியில் இறால்

டார்ச் வெளிச்சத்தைக் கண்டால் போதும், இறால் குஞ்சுகள் புள்ளிபுள்ளியாக மொய்த்துக்கொண்டு வரும். நேற்று வந்தன. இன்று ஒன்றுகூட வரவில்லை. பழனியம்மாள் தொட்டிக்குள் கையை விட்டு அடித்தண்ணீரை அள்ளினாள். உள்ளங்கையில் தூசியாகத் தங்கின. அத்தனையும் செத்திருந்தன.

முதலிபாளையம் பக்கம் மூடிக்கிடந்த சாயப்பட்டறை அது. புருஷன் போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். துணி குடோனாக்க வேண்டுமென்று அண்ணன் ஈஸ்வரமூர்த்தி சாவி கேட்டுக்கொண்டே இருந்தார். இவளோ தொட்டிகளைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, லாரித் தண்ணீர் ஊற்றி, காவிரியில் பிடித்த சினை இறால்களை விட்டுக் குஞ்சு பொரிக்க வைத்தாள். குளத்தில் இறால் வளர்ப்பவர்களுக்கு விற்கலாம் என்பது கணக்கு. பனியன் ஊரில் கருவாட்டுக் கடையா என்று சொந்தபந்தம் சிரித்தது. சிரிக்கிறவர்களா வந்து சோறு போடப் போகிறார்கள்?

இறால் பிடித்துக் கொடுத்த சுடலை, தூத்துக்குடியில் குஞ்சுப் பண்ணை வேலையை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்தவன். தொட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"யக்கா, எந்த உப்பப் போட்டிய?"

"எந்த உப்புன்னா? ஆத்து எறான்னாலும் குஞ்சுக்கு உப்புத்தண்ணி வேணும்னு நீதானப்பா சொன்னே. அந்த மூட்டைதான்."

மூலையில் சாயத்துக்குப் போடும் உப்பு மூட்டைகள் கிடந்தன. அந்தப் பட்டறையில் உப்பு என்றால் அது ஒன்றுதான். பழனியம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கசந்தது. இத்தனை காலம் சோறு போட்ட உப்பு இப்படிக் கசக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"கடலு உப்புன்னு நான் வெவரமாச் சொல்லிருக்கணும்க்கா."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது, தன்மேலேயே.

விஷயம் எப்படித்தான் எட்டியதோ, அண்ணன் வந்துவிட்டார்.

"ஏன் அம்மிணி, ஆசை தீந்துதா? சாவியக் குடு."

"தரமாட்டனுங்ணா. குடோனுக்கு வேற எடம் பாருங்க."

"மறுக்காவும் செத்துதுன்னா?"

"மறுக்காவும் புடிப்பேன்."

"அப்பறம் எம்பட ஊட்டு வாசல்ல வந்து நிக்கக்கூடாது, ஆமா!"

"நிக்கமாட்டனுங்ணா. வந்தா எறா விக்கத்தான் வருவேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கூடப்பிறந்தவர் போவதைப் பார்க்க நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

தூத்துக்குடியிலிருந்து மீன் லாரியில் கடல் தண்ணீரே கொண்டுவர சுடலை ஏற்பாடு செய்தான். சினை இறாலுக்கு இருவரும் கொடுமுடி போனார்கள். கரையிலேயே இருங்கள் என்று அவன் சொன்னதைக் காதில் வாங்காமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழனியம்மாள் காவிரியில் இறங்கினாள். பாறை இடுக்கில் கையை விட்டதும் கொடுக்கு விரலைக் கவ்வியது.

"விட்டுருங்கக்கா, கையக் கிழிச்சிரும்!"

"கிழிக்கட்டும். வயித்தப் பாரு, முட்டை இருக்குதா?"

துள்ளிய இறாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இருக்குக்கா. வயிறு நெறைய இருக்கு."

ரத்தம் வடியும் விரலோடு அடுத்த பாறைக்கு நகர்ந்தாள்.