கிழக்கு மூலை

ஆட்டிசம் என்ற சொல்லை அந்த ஊருக்குக் கொண்டுவந்தது டாக்டர் இல்லை, ஏழரை மணி சீரியல்தான். கள்ளக்குறிச்சி டாக்டர் அதை எழுதிக் கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அம்சவள்ளியும் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லித்தான் பார்த்தாள். யார் காதில் ஏறியது? அவள் மகள் அபிநயா ஊருக்குப் பேசாத பெண், அவ்வளவுதான்.

சீரியலில் ஒருத்தி வந்தாள். பேசமாட்டாள், முகம் பார்க்கமாட்டாள், ஆனால் தொலைந்தது எதுவானாலும் நேரே போய்க் காட்டிவிடுவாள். அவளுக்கு இருப்பது ஆட்டிசம் என்றார்கள். மறுநாளே ஊர் அபிநயாவை வேறு கண்ணால் பார்த்தது. வாசலோடு நின்றே பழகிய அம்சவள்ளிக்கு, அவள் களை எடுக்கப் போகும் கரும்புக் கழனிக்காரர் கொளஞ்சியப்பன் வீட்டில் நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்றால் பொய்.

கொளஞ்சியப்பனின் பழைய போர்க்கிணறு வற்றிக் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. "ஒம் பொண்ணு தெனம் எங் கழனி கெழக்கு மூலையில அந்தப் பாறையாண்டயே ஒக்காந்துக்கினு இருக்குது. அத்தினி எடம் கெடக்க அங்க ஏன் ஒக்காருது? அடியில தண்ணி இருக்கறது அதுக்குத் தெரியுதும்மா," என்றார்.

காரணம் அம்சவள்ளிக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது. டிராக்டர், மோட்டார், பஸ் ஹாரன் எதுவும் அந்தப் பாறை மறைவில் அவ்வளவாகக் கேட்காது. அபிநயா காதிலிருந்து கையை எடுப்பது அங்கே மட்டும்தான். அங்கே வைத்துக் கொடுத்தால் வயிறாரச் சாப்பிடுவாள். சில நாள் தானாகச் சிரிப்பாள்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கொளஞ்சியப்பனின் மனைவி பெரியநாயகி, இன்னும் கொஞ்சம் காபி ஊற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இருக்கும்ங்க," என்று சொல்லிவிட்டாள் அம்சவள்ளி.

மூன்றாம் நாள் போர் வண்டி வந்தது. அந்த இரைச்சலில் அபிநயா அலறிக்கொண்டு வரப்பில் ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். சாமி வந்துவிட்டது என்றார்கள். இருநூற்று எண்பது அடியில் தண்ணீர் பீய்ச்சியது. பக்கத்துக் கழனிகளிலும் அதே ஆழத்தில்தான் தண்ணீர் என்று போர் வண்டிக்காரன் சொன்னதை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. ஒரே வாரத்தில் பாறையை ஒட்டி மோட்டார் கொட்டகை எழும்பியது. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் மோட்டார் ஓடியது.

அதற்குப் பத்தாம் நாள் வெள்ளிமலையிலிருந்து வெற்றிவேல் என்பவர் ஜீப்பில் பழத்தட்டோடு வந்து இறங்கினார். மலைமேல் இருக்கும் தன் நிலத்துக்கும் ஓர் இடம் காட்டவேண்டுமாம். தானும் அந்தச் சீரியலைப் பார்ப்பதாகச் சொன்னார். பாப்பாவை எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன், எங்கே உட்காருகிறாள் என்று பார்த்தால் போதும் என்றார் மரியாதையாக.

வீட்டுக்குள் அபிநயா இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் காதில். உள்ளங்கால் கொப்புளித்திருந்தது.

அம்சவள்ளி தட்டை வாங்கவில்லை.

"தண்ணி இருக்குதுன்னு அவ அங்க ஒக்காரலீங்க. சத்தம் இல்லன்னு ஒக்காந்தா. எனக்குத் தெரியும், நான்தான் வாயத் தொறக்கல," என்றாள். "போர் போட்ட நாள்லேர்ந்து எம் பொண்ணு எங்கியுமே ஒக்காரலீங்க."