பள்ளத்தில் இரண்டு கம்பிகள்

1

இந்தக் கதை எனக்கு உருளைக்கிழங்கு சாலட்டோடு பரிமாறப்பட்டது. எங்கள் அமெரிக்க ரெஜிமென்ட்டில் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட பழைய சிப்பாய்கள் வருஷத்துக்கு ஒருமுறை நெப்ராஸ்கா மாநிலத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். அவர்களுடைய போர் வரலாற்றை எழுதுகிறவன் என்பதால் எனக்கும் ஒரு தட்டு உண்டு. அன்று பக்கத்து நாற்காலியில் டெல்மர் ஸ்ட்ரவுட். போர்முனையில் டெலிபோன் கம்பி இழுத்தவர்.

"எழுதுறதுன்னா எழுது தம்பி. என்னை வீரனா மட்டும் ஆக்கிடாத" என்றார்.

2

முதல் தொடக்கம்: 1944 நவம்பர். பிரான்சின் லொரேன் காடுகளின் மேல் பீரங்கிகள் இடியென முழங்க—

(வேண்டாம். அன்று எங்கள் பீரங்கிகள் முழங்கவே இல்லை. அதுதான் பிரச்சினையே.)

மறுபடி: குன்றின் மேல் எங்கள் ஆட்கள் எழுபது பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே பீரங்கிகள் தயார். எங்கே சுடுவது என்று மேலிருந்து சொல்ல வேண்டிய டெலிபோன் செத்துக் கிடந்தது.

"ஸ்ட்ரவுட், எங்கயோ கம்பி அறுந்திருக்கு. போய்ப் பாருப்பா" என்றார் கேப்டன் ஹாஸ்கெல்.

"நேத்தும் நான்தான் சார் போனேன்."

"அதனாலதான் சொல்றேன். உனக்குத்தான் வழி தெரியும்."

3

(டெல்மருக்கு இப்போது எண்பது. கதையில் இருபத்தொன்று. ஆகவே இனி 'அவன்'.)

கம்பியைக் கையால் உருவிக்கொண்டே குன்றிலிருந்து மூடுபனிக்குள் இறங்கினான். ஓடைப் பள்ளத்தில் அறுந்த முனை கிடைத்தது. உறையைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டே நிமிர்ந்தால், பத்தடி தள்ளி இன்னொருவர் அதையே செய்துகொண்டிருக்கிறார். ஜெர்மன்காரர். நாற்பது வயது, மூக்குக்கண்ணாடி. அவர்களுடைய கம்பியும் அதே பள்ளத்தில்தான் அறுந்திருந்தது.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். எதிரிக்குக் கண்ணாடி மாட்டிவிட்டால் வாசகர் உடனே இரக்கப்படுவார். டெல்மரிடம் கேட்டேன். "போட்டிருந்தான்யா. அதுக்கு நான் என்ன பண்றது?")

இருவர் துப்பாக்கியும் முதுகில். இருவர் வாயிலும் கம்பி. யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை. பிறகு ஜெர்மன்காரர் இணைப்பில் சுற்றும் டேப்பின் காலிச் சுருளைத் தூக்கிக் காட்டினார். டெல்மர் தன்னுடையதை அவர் பக்கம் உருட்டிவிட்டான். அவர் ஒரு முழம் கிழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி உருட்டினார். இணைப்பைச் சுற்றி முடித்தார், தலையசைத்தார், பனிக்குள் போனார்.

4

டெல்மரும் தன் கம்பியை இணைத்து, கையோடு கொண்டுவந்த டெலிபோனை அதில் மாட்டிப் பேசிப் பார்த்தான்.

"லைன் வந்துருச்சு" என்றது கேப்டன் குரல். "அங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல சார்."

பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: பிற்பகல் 2.40, இணைப்பு சரி, எதிரி தென்படவில்லை.

5

ஆனால் அந்த இன்னொரு கம்பி அவன் காலடியில் கிடந்தது. அதன் வழியாகத்தான் எங்கள் குன்றை ஜெர்மன் பீரங்கிகளுக்குக் காட்டிக்கொடுப்பார்கள். டெல்மர் கையில் இடுக்கி.

முடிவு அ: வெட்டினான். கண்ணாடிக்காரர் அதைச் சரிசெய்ய மறுபடி அதே பள்ளத்துக்கு வந்தார், இந்தத் தடவை அங்கே எங்கள் ஆட்கள் ஆறு பேர்—

முடிவு ஆ: வெட்டவில்லை. மறுநாள் காலை—

மறுநாள் காலை கேப்டன் ஹாஸ்கெல் பீரங்கிக் குண்டில் செத்தார். இது இரண்டு முடிவுக்கும் பொது. அந்தப் பக்கம் எத்தனையோ கம்பிகள் ஓடின. குண்டு எந்தக் கம்பியின் பேச்சைக் கேட்டு வந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"வெட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"நீயா இருந்தா?" என்றார் டெல்மர்.

வெட்டியிருப்பேன் என்றேன். தலையாட்டினார். கொஞ்சம் யோசித்து, இல்லை, வெட்டியிருக்க மாட்டேன் என்றேன். அதற்கும் அதேபோலத் தலையாட்டினார்.

இரண்டு முடிவையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வரி உங்களுடையது.