மேல் சுவிட்ச்

சம்பத்தை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியபோது வாசலில் இருந்தவர்கள்: அவன் நைனா சண்முகம், பிள்ளையில்லாத மகனுக்குத் தன் கையாலேயே கொள்ளி வைக்க வேண்டியவர். சித்தப்பா மாசிலாமணி. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சலீம், சட்டையில் நேற்றைய ரத்தத்தோடு. ஐஸ் பெட்டி கொண்டுவந்த இரண்டு பேர். ஒரு ஹெட் கான்ஸ்டபிள். தங்கை ரூபா. ரூபாவின் புருஷன் கோவர்த்தனன், எல்லாருக்கும் பின்னால், கேட்டுக்கு வெளியே. பெண்டாட்டி ஸ்வர்ணலதா இல்லை. அவள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை.

ஆஸ்பத்திரித் துணியில் கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டு தொடையில்.

ரூபா தலைப்பக்கம் பிடித்தாள். பிடித்ததும் கை தானாக எடை பார்த்தது. கடையில் எதைத் தூக்கினாலும் அப்படித்தான். மோட்டாரில் செம்பு குறைந்திருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். அண்ணனைத் தூக்கும்போதும் கை அதையே செய்தது.

பின்னால் மாசிலாமணியின் குரல் கேட்டது.

"நீ எங்க வர்ற?"

"தோள் குடுக்கணும் மாமா," என்றான் கோவர்த்தனன்.

"மிஷின் குட்தியே, பத்தாதா? ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு போர்டு வெச்சிக்கினு கீறியே, எமனையும் ஃப்ரீயா குட்தனுப்பிட்டியா?"

"மாமா, நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க..."

"செருப்ப கழட்டாத. அப்டியே போய்டு."

சண்முகம் மருமகனைப் பார்க்கவில்லை.

உடலைப் பெட்டியில் வைத்துவிட்டு ரூபா கேட்டுக்குத் திரும்பி வந்தாள். கோவர்த்தனன் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரவு முழுக்கத் தூங்காத கண்கள்.

"நீ சொல்லு ரூபா. நீயும்தான அன்னிக்கி கடையில இருந்த."

"சொல்றேன்."

"போலீஸ்காரன் போறதுக்குள்ள சொல்லு."

"அண்ணியப் பாத்துட்டு வந்து சொல்றேங்க. நில்லுங்க."

சொல்ல வேண்டியது பெரிய விஷயமில்லை. திருச்சானூரில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு எதிரே அவர்கள் கடை. ஸ்பேனர், சுத்தியல், பூட்டு, துளை போடும் மிஷின், இரும்பு அறுக்கும் மிஷின், எல்லாம் மலிவு. மலிவுச் சரக்கில் பாதி குப்பை. எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். அந்த வேலை ரூபாவுடையது. கட்டிங் பிளேயரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாயை மூடுவாள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தள்ளிவிடுவாள். பூட்டை அழுத்திவிட்டு மூன்று முறை இழுப்பாள். மிஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மூக்கருகே வைத்து முகர்வாள். கருகல் வாடை வந்தால் மோட்டாரின் செம்புச் சுற்று மட்டம். ஒயரை மடக்குவாள். கடைசியாக சுவிட்ச். தள்ளினால் மிஷின் ஓட வேண்டும், பின்பக்கம் அழுத்தினால் சுவிட்ச் டப்பென்று திரும்பி மிஷின் நிற்க வேண்டும்.

அந்த அறுக்கும் மிஷினின் சுவிட்ச் திரும்பவில்லை. போட்டால் போட்டபடியே மாட்டிக்கொண்டது. ரூபாதான் அதை வாபஸ் பெட்டியில் போட்டாள். சித்தூரில் கேட்டும் கிரிலும் செய்துகொண்டிருந்த சம்பத் போன மாதம் கடைக்கு வந்தவன், அதே பெட்டியிலிருந்து அதை எடுத்தான்.

"அது வேணாம் மச்சான், கம்பெனிக்கு திரும்பிப் போவுது," என்றான் கோவர்த்தனன்.

"மோட்டாரு இன்னா அழகா ஓடுது. சுவிட்சுதான நிக்கல? சுவர்ல ஆஃப் பண்ணிக்கினா போச்சி."

"சொன்னா கேளு மச்சான்."

"யோவ் மாப்ள, நான் இரும்பு அறுக்கறவன்யா. நீ விக்கறவன். எனக்கே சொல்லித் தர்றியா?"

ரூபாவும் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொன்னால் போதும், கோவர்த்தனன் உள்ளே வந்துவிடலாம்.

ஸ்வர்ணலதா சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. யாரோ கையில் கொடுத்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

"ரூபா, என் போனு ஷெட்ல கீது. எட்து வர்றியா? எங்கம்மா நம்பரு அதுலதான் கீது. இன்னும் சொல்லல."

"எட்தாறேன் அண்ணி."

"சார்ஜ் ஏறியிருக்கும். நேத்து அதுக்குதான போனேன். சுவிட்சப் போட்டுட்டு இப்டி திரும்பறேன், மிஷினு தானா ஓடிச்சி ரூபா. அவரு குந்திக்கினு அறுக்கற சக்கரம் மாட்டிக்கினு இருந்தாரு. யாரும் தொடல. தானா ஓடிச்சி. பேய் புட்ச மாதிரி."

ஷெட் வீட்டை ஒட்டியே இருந்தது. சலீம் நேற்றே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டிருந்தான். ஆனாலும் அறுத்த இரும்புத்தூளோடு கலந்து மூலையில் ஒரு கறுப்புச் சேறு தேங்கியிருந்தது. பாதி முடிந்த ஒரு கேட் சுவரில் சாய்ந்து நின்றது. மிஷினைப் போலீஸ் எடுத்துப்போய்விட்டது.

சுவரில் மரப்பலகை. அதில் மேலே ஒரு பிளக் பாயின்ட், கீழே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச். மேலே இருந்தது காலி. அங்கேதான் மிஷின் செருகியிருந்தது. சலீம், ஓடிவந்து ஒயரைப் பிடித்து இழுத்தேன், வேறு எதையும் தொடவில்லை என்று காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கீழே சார்ஜர் இருந்தது. அதிலிருந்து தொங்கிய போன் ஒரு ஆணியில் சாய்ந்திருந்தது.

ரூபா போனை எடுத்து அழுத்தினாள். கறுப்பாகவே இருந்தது.

கீழ் சுவிட்சைப் பார்த்தாள். போடவில்லை.

மேல் சுவிட்ச் போட்டிருந்தது.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இதற்கு நேரமே பிடிக்கவில்லை. மிஷினின் சுவிட்ச் போட்டபடி மாட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் சுவரில் அணைத்துவிட்டு, அந்தச் சுவரை நம்பி, பிளக்கைப் பிடுங்காமல் மிஷினைத் தொடைமேல் வைத்துச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். அண்ணி போனுக்கென்று கை நீட்டி மேலே இருந்ததை அழுத்தினாள்.

வெளியே யாரோ வாழைமட்டை எங்கே என்று கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ரூபாவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது; உட்காரத் தரையைப் பார்த்தாள்; உட்காரவில்லை.

புடவைத் தலைப்பால் விரலை மூடிக்கொண்டு மேல் சுவிட்சை அணைத்தாள். டக்கென்றது. கீழ் சுவிட்சைப் போட்டாள்.

போனில் சிவப்புக் கோட்டோடு ஒரு பேட்டரிப் படம் வந்தது. அந்தக் கோடு கொஞ்சம் நீளும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஏறியிருக்குதா?"

"ஏறியிருக்குது அண்ணி."

ஸ்வர்ணலதா போனை இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெளியே ஹெட் கான்ஸ்டபிள் பைக்கில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். மாசிலாமணி அவர் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ரூபாவைக் கண்டதும் கோவர்த்தனன் நிமிர்ந்தான்.

"சார், இவ என் சம்சாரம். இவளுக்குத் தெரியும். கேளுங்க. சொல்லு ரூபா."

"மிஷினு முந்தே செடிப்போயிந்தாம்மா?" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர் தமிழுக்கு மாறினார். "முன்னாடியே கெட்டுப்போயிருந்துச்சா? தெரிஞ்சேதான் வாங்கினு வந்தாரா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி எது என்று ரூபாவுக்குத் தெரியும். மிஷினில் நிற்காத சுவிட்ச் என்றால் சுவரில் போட்டது யார்? அதற்கான பதில் உள்ளே போனைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. போலீஸை விடு. ஊரை விடு. அண்ணிக்கே தெரிந்துவிடும்.

ரூபா கேட்டுக் கம்பியைப் பார்த்தாள்.

"தெரியாது சார். நல்லா கீதுன்னு நெனச்சிதான் குட்தோம். சரியா பாக்காம குட்துட்டோம்."

சலீம் தலையைக் குனிந்துகொண்டான். மாசிலாமணி இரண்டு கைகளையும் விரித்தார்.

"கேட்டுக்கங்கப்பா. கட்னவளே சொல்றா."

கோவர்த்தனன் கோபப்படவில்லை. கன்னத்தில் அறை வாங்கியவனைப்போல வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"நீதான அத பெட்டியில போட்ட."

அவள் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரூபா. நீதான..."

"ஸ்டேஷனுக்கு வாங்க," என்றார் ஹெட் கான்ஸ்டபிள். "ஊரிக்கே, சும்மா ஒரு ஸ்டேட்மென்ட்டு. எஸ்.ஐ. சார் கேப்பாரு. கடையையும் பாக்கணும்."

"தோள் குடுத்துட்டு வர்றேன் சார்."

"வேணாம்," என்றார் சண்முகம். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. ஐஸ் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

கோவர்த்தனன் இன்னும் ஒரு முறை ரூபாவைப் பார்த்தான். பிறகு போய் பைக்கின் பின்னால் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

உள்ளே குடத்தில் தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்டது.

"கேட்டப் பூட்டிடும்மா," என்றார் மாசிலாமணி. "குளிப்பாட்டணும். தெருவே எட்டிப் பாத்துக்கினு கீது."

பைக் இன்னும் முனை திரும்பவில்லை. ரூபா கேட்டை இழுத்தாள். சம்பத் செய்த கேட். துளி சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. கம்பியில் தொங்கிய பூட்டு அவர்கள் கடைப் பூட்டு. வளையத்தில் மாட்டி அழுத்தினாள்.

ஒரு முறை இழுத்தாள். இன்னொரு முறை. மூன்றாவது முறையும் இழுத்துப் பார்த்தாள்.

பூட்டு விடாமல் நின்றது.