பாதியாக்காத டிஜாக்சின்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்தே காலுக்கு, மருத்துவமனையின் தரைத்தள மருந்தகத்தில், இதய நிபுணர் ஒருவர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சீட்டை இரண்டாம் எண் சன்னலில் நீட்டினார்.

மருந்தாளுநர் வாங்கிப் படித்தாள். தாறுமாறாக அடிக்கும் இதயத்துக்கு அமியோடரோன், புதிதாக. ஏற்கெனவே சாப்பிடும் டிஜாக்சின், பழைய அளவிலேயே. முதலாவது சேர்ந்தால் இரண்டாவதைப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் அண்ணனுக்கும் இவர் இப்படியேதான் எழுதினார். போன் செய்து கேட்டாள். "ஏம்மா, மாத்திரையை எண்ணிக் கொடு, போதும்" என்று வைத்துவிட்டார். எண்ணிக் கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள் அண்ணன் இறந்தான். விசாரணையில், ஒரே ஒருமுறை நேர்ந்த கைத்தவறு என்றார். விட்டுவிட்டார்கள்.

"என்னடி, சீட்டை அப்படி முறைக்கற? லவ் லெட்டரா?" என்றாள் பக்கத்துச் சன்னல்காரி.

"சீக்கிரம்மா, தலை சுத்துது" என்றார் டாக்டர்.

அவள் கை டிஜாக்சின் பெட்டிவரை போனது. எண்ணிக் கொடுத்தால் போதும், அவர் சொன்னபடியே. ஆனால் செத்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது.

"டிஜாக்சினைப் பாதியாக்கணும் டாக்டர்."

"எனக்கே பாடமா? இருபத்தெட்டு வருஷமா எழுதறேன்."

"எல்லாருக்கும் இப்படியேவா?"

"இப்படியேதான். அதுக்கென்ன இப்போ?"

"அக்கா, கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு" என்றாள் பக்கத்துச் சன்னல்காரி. அவளுக்குச் சிரிப்பு போயிருந்தது.

சந்தேகச் சீட்டுப் பதிவேட்டில் மணியையும் அவர் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் எழுதினாள். பக்கத்துச் சன்னல்காரி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

"சீட்டைக் குடு!"

"சந்தேகம்னு எழுதிட்டா சீட்டு இங்கதான் இருக்கும், அது விதி. வேற டாக்டர்கிட்ட சரியா எழுதி வாங்கிட்டு வாங்க, தரேன்." சன்னலருகே குனிந்தாள். "நீங்க நூறு வயசு இருக்கணும் டாக்டர். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது."

அன்று மாலையே அண்ணனின் சீட்டு, இந்தச் சீட்டு இரண்டின் நகல்களோடும் பதிவேட்டுப் பக்கத்தோடும் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் போனது. அண்ணனுக்கு மருந்து கொடுத்தது தானே என்பதையும் அதில் எழுதியிருந்தாள்.

செப்டம்பரில் டாக்டரின் மருத்துவப் பதிவு ரத்தானது. அவளுக்கு மூன்று மாதம் வேலைத் தடை.